மாப்பிள்ளைக்கு ஒரு கோடரி

(கூடம். மாப்பிள்ளை மடிக்கணினிக்குள் தலையை விட்டபடி உட்கார்ந்திருக்கிறார். மாமா நாற்பது வருடம் உளியும் வாய்ச்சியும் பிடித்துவிட்டு இப்போது செய்தித்தாள் மட்டும் பிடிக்கும் தச்சர். மாப்பிள்ளையை ஒருமையில் பேச முடியாது என்பதால் திட்டுவதையும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, ஒரு மணி நேரமாகக் கண் இமைக்கவில்லை. அலுவலக வேலையா?

மாப்பிள்ளை: இல்லை மாமா. அடுத்த மாதம் நண்பர்களோடு காட்டில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்கப் போகிறோம். அதற்கு ஒரு டாமஹாக் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா: டாமியா? நாயை எல்லாம் யார் குளிப்பாட்டுவது?

மாப்பிள்ளை: டாமஹாக் மாமா! வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் கைக்கோடரி. வர்ஜீனியாவில் பேசிய பவ்ஹாட்டன் மொழியிலிருந்து 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் வாங்கிக்கொண்ட சொல். முதலில் கல் தலைதான் வைத்திருந்தார்கள். அப்புறம் ஐரோப்பியர்கள் வியாபாரத்துக்கு இரும்புத் தலை கொண்டுவந்தார்கள். இதைப் பாருங்கள், எப்படி இருக்கிறது!

மாமா: (கண்ணாடியை ஏற்றிக்கொண்டு) கன்னங்கரேல் என்று இருக்கிறது. முன்னால் வெட்டுவாய். பின்னால் என்ன, கொக்கு மூக்கு மாதிரி?

மாப்பிள்ளை: கூர்முள். வியட்நாம் போர்க் காலத்தில், 1966 முதல், பீட்டர் லகானா என்பவர் அமெரிக்க வீரர்களுக்குச் செய்து விற்றாரே, அந்த ஜாதி. கதவைக்கூடப் பெயர்க்கலாம்.

மாமா: கூடாரத்துக்குக் கதவு உண்டா?

மாப்பிள்ளை: ஜிப்புதான் மாமா.

மாமா: அதற்கு இரண்டு விரல் போதுமே. சரி, ஓங்கும்போது கோடரி எங்கே போகும்?

மாப்பிள்ளை: தலைக்கு மேலே.

மாமா: அப்போது அந்த முள் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்?

மாப்பிள்ளை: (நெற்றியைத் தடவிக்கொண்டு) என்னை.

மாமா: போர் வீரனுக்குச் செய்ததை விறகுக்குக் கொண்டுபோனால் எதிரி யார் என்று அதற்கே குழப்பம் வந்துவிடும். வேறு காட்டுங்கள்.

மாப்பிள்ளை: இது புகைக்குழாய் டாமஹாக். பின்பக்கம் புகையிலைக் கிண்ணம், காம்புக்குள் துளை. ஒரு முனையில் வெட்டலாம், மறுமுனையில் புகைக்கலாம். உடன்படிக்கை பேசும்போது அன்பளிப்பாகக் கொடுப்பார்களாம்.

மாமா: என் மகளிடம் காட்டுங்கள். அவள் எந்த முனையைப் பயன்படுத்துகிறாள் என்று பார்ப்போம்.

மாப்பிள்ளை: அவசரமாக அடுத்த படத்துக்குப் போகிறேன். ஒன்று தெரியுமா மாமா? அந்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஈரோக்குவா மக்களிடம், சமாதானம் ஆகிவிட்டால் ஆயுதத்தை மண்ணில் புதைத்துவிடும் வழக்கம் இருந்தது.

மாமா: அருமையான வழக்கம். வாங்கி வந்த அன்றே நாமும் செய்துவிடலாம்.

மாப்பிள்ளை: மாமா!

மாமா: கோபிக்காதீர்கள். கருவி கேட்டால் தச்சன் முதலில் வேலையைத்தான் கேட்பான். அங்கே என்ன வெட்டப் போகிறீர்கள்? உயிர் மரமா?

மாப்பிள்ளை: ஐயோ, அதைத் தொடவே கூடாது. காய்ந்து விழுந்த கிளைதான், அதையும் அங்கே எடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான். மிஞ்சிப் போனால் என் மணிக்கட்டுப் பருமன். அப்புறம் கூடார முளை அடிக்க வேண்டும்.

மாமா: அப்படியானால் பிளக்க வேண்டும், தட்ட வேண்டும். இருங்கள்.

(உள்ளே போய்ப் பழைய துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவருகிறார். பிரித்தால் ஒரு சின்னக் கோடாலி. தலையில் கருமை, வெட்டுவாயில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளி மினுக்கம். காம்பு கைபட்டுக் கைபட்டு வழவழத்திருக்கிறது.)

மாப்பிள்ளை: இதைத்தான் ஹேட்செட் என்கிறார்கள்.

மாமா: என்னவோ சொல்லட்டும். கன்னத்தைத் தடவிப் பாருங்கள்.

மாப்பிள்ளை: (தன் கன்னத்தைத் தடவுகிறார்) சவரம் செய்து இரண்டு நாள்...

மாமா: கோடாலியின் கன்னத்தை! வெட்டுவாயிலிருந்து பின்னால் போகப் போகத் தடிக்கிறது பாருங்கள். மரத்துக்குள் போனதும் இந்தத் தடிப்பு இரண்டு பக்கமும் தள்ளும், மரம் விரியும். உங்கள் டாமி மெலிந்தவர். உள்ளே போவார், அங்கேயே சிக்கிக்கொள்வார். பின்பக்கம் பார்த்தீர்களா? தட்டை. மரமுளையைத் தட்ட இது போதும். ஆனால் இதன் மண்டையில் சுத்தியலால் ஓங்கி அடித்துவிடாதீர்கள். காம்பு நுழைகிற காது விரிந்து தலை ஆடத் தொடங்கிவிடும்.

மாப்பிள்ளை: டாமஹாக்கில் சுத்தியல் வைத்ததும் உண்டு மாமா. எடையும் குறைவு. தலை 300, 400 கிராம் இருக்கும், காம்பு அரை மீட்டர் நீளம். இது அரைக் கிலோ தலை, ஒன்றேகால் அடிக் காம்பு. முதுகில் சுமக்கப் போவது நான்.

மாமா: பத்து கிலோ பையைச் சுமக்கிறவர் நூறு கிராமுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள். சரி, காம்பை எப்படி மாட்டியிருக்கிறான்?

மாப்பிள்ளை: மேலிருந்து நுழைக்க வேண்டும். கடப்பாரை... இல்லை, பிக்காசு மாதிரி. மேல்முனை பருத்தது, கீழே சிறுத்தது. வீச வீசத் தலை தானாகவே இறுகும். ஆப்பே கிடையாது.

மாமா: (முதல் முறையாக நிமிர்ந்து) ஓ! அப்படியா?

மாப்பிள்ளை: காம்பு முறிந்தால் நடுக்காட்டில் ஒரு நேரான குச்சியைச் செதுக்கி நுழைத்துக்கொள்ளலாம். தலையை மட்டும் கழற்றிக் கையில் பிடித்துச் செதுக்கவும் செய்யலாம்.

மாமா: கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். இதில் காம்பு கீழிருந்து வரும், மேலே பிளவில் ஆப்பு இறங்கும். ஆப்பு எப்போதும் மேலிருந்துதான்.

மாப்பிள்ளை: எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் மாமா.

மாமா: ஆனால் அங்கே ஆப்பு வைத்தால் ஆள் ஆடுவார், இங்கே ஆப்பு வைத்தால் தலை ஆடாது. ஆடினால் என்ன செய்வீர்கள்?

மாப்பிள்ளை: ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகிவிடும் என்று படித்தேன்.

மாமா: இறுகும். ஊறிய மரம் இரும்புக்குள் இடமில்லாமல் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்பைவிட லொடலொட. காலையில் நண்பர் குனிந்து அடுப்பு மூட்டுவார், நீங்கள் ஓங்குவீர்கள், கையில் காம்பு இருக்கும்... தலை எங்கே என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஆப்பைத் தட்டி இறக்குங்கள், ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். வாங்கும்போது காம்பின் நுனியைத் திருப்பிப் பாருங்கள். இதோ, இந்த ரேகை.

(இருவரும் காம்பின் அடியை உற்றுப் பார்க்கிறார்கள். தலைகள் முட்டிக்கொள்கின்றன.)

மாமா: கோடு எல்லாம் வெட்டுவாய் போகிற திசையிலேயே போகிறதா? அதுதான் நல்ல காம்பு. குறுக்கே போனால் நல்ல அடி ஒன்று விழும்போது பிளந்துகொள்ளும். கோடாலிக்காம்பு தன் குலத்தைத்தான் கெடுக்கும் என்பார்கள், இது உங்கள் கையையும் சேர்த்துக் கெடுக்கும்.

மாப்பிள்ளை: பேசாமல் மரக்காம்பே இல்லாமல் வாங்கிவிட்டால்? எஸ்ட்விங் என்று ஒன்று. 1923-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். தலையும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு, பிடிக்குத் தோல் வளையம். ஃபின்லாந்தின் ஃபிஸ்கார்ஸ் வேறு வழி, தலையையே பிளாஸ்டிக் காம்புக்குள் வார்த்துவிட்டான்.

மாமா: தலை கழலாது, நிம்மதி. ஆனால் எஃகுக் காம்பு அடியின் அதிர்வைக் கைக்கு அனுப்பும், மரக்காம்பு பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும். பழுது பார்க்கச் சோம்பேறியாக இருப்பவர்களுக்கு அதுதான் சரி. நான் உங்களைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை: சொன்ன மாதிரிதான் இருந்தது. எஃகு 57 ராக்வெல் என்று போட்டிருக்கிறான் மாமா.

மாமா: மருத்துவரிடம் காட்டினார்களா?

மாப்பிள்ளை: கடினத்தின் அளவு!

மாமா: அரத்தால் தேய்த்தால் கொஞ்சம் கடிக்க வேண்டும், அதுதான் என் அளவு. ரொம்பக் கெட்டியென்றால் கணுவில் பட்டதும் வாய் சில்லு தெறிக்கும், ரொம்ப மெத்தென்றால் மடங்கும். அதெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். நீங்கள் எழுந்து நில்லுங்கள்.

மாப்பிள்ளை: எதற்கு?

மாமா: (செய்தித்தாளைச் சுருட்டிக் கொடுக்கிறார்) இதுதான் உங்கள் கைக்கோடரி. அந்த முக்காலிதான் அடிக்கட்டை. நின்றபடியே ஒரு வெட்டு.

(மாப்பிள்ளை காலை அகட்டி, மூச்சை இழுத்து, காட்டுக்கே ராஜா மாதிரி ஓங்குகிறார். முக்காலியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் செய்தித்தாள் நழுவி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் 'டப்' என்று விழுகிறது.)

மாப்பிள்ளை: ஆ!

மாமா: செய்தித்தாள்தான் மாப்பிள்ளை. முதல் பக்கம் கொஞ்சம் கனமான செய்தி. காம்பு நீளமான கோடாலி என்றால் தவறினால் தரையில் போய் முடியும். குட்டைக் காம்பு வட்டம் போட்டுத் திரும்பி உங்களிடமே வரும். இப்போது முழங்காலிட்டு வெட்டுங்கள்.

(முழங்காலிட்டு வீசுகிறார். தவறிய செய்தித்தாள் தரையில் அடித்து நிற்கிறது.)

மாப்பிள்ளை: காலுக்கு வரவே இல்லை!

மாமா: தரை வாங்கிக்கொண்டது. இன்னும் ஒன்று, சின்னக் கட்டையைப் பிளக்க ஓங்கவே வேண்டாம். வாயைக் கட்டையின் நுனியில் பதித்து, கட்டையையும் கோடாலியையும் சேர்த்துத் தூக்கி, சேர்த்தே அடிக்கட்டையில் தட்டுங்கள். கட்டை பிடித்த விரல்கள் வாய்ப் பக்கம் வரக் கூடாது, அவ்வளவுதான். கையை நீட்டிக் கோடாலியோடு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லை என்ற பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

மாப்பிள்ளை: மணிக்கட்டுப் பருமன் கிளையைக் குறுக்கே துண்டாக்க?

மாமா: மடக்கு ரம்பம். குறுக்கே அறுக்க ரம்பம், நெடுக்கே பிளக்கக் கோடாலி. குறுக்கே வெட்டினால் பாதி மரம் சிராயாகப் பறந்து பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்விடும். ஆக, ஒரு சின்னக் கோடாலி, அதற்கு நல்ல தோல் உறை, ஒரு ரம்பம். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், அங்கே உங்களை அவர்கள் பிளப்பார்கள்.

மாப்பிள்ளை: (பெருமூச்சு) அப்போது டாமஹாக் எதற்குமே ஆகாதா?

மாமா: நான் அப்படிச் சொல்லவில்லையே. எதற்கு வைத்திருக்கிறார்கள்?

மாப்பிள்ளை: எறிவதற்கு மாமா. ஏறக்குறைய 12 அடி தள்ளி நின்று விட்டால் காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பலகையில் நச்சென்று குத்தி நிற்கும். தவறிப் பட்டாலும் காம்பு வழுக்கிக் கழலும், அவ்வளவு சீக்கிரம் முறியாது. அதனால்தான் எறிகிறவர்களுக்கு அது பிடிக்கும்.

(மௌனம். மாமா மோவாயைச் சொறிகிறார்.)

மாமா: பலகை என்ன பலகை?

மாப்பிள்ளை: ஏதாவது மரப்பலகை.

மாமா: ஏதாவதா? நாலு தடவை குத்தினாலே பிளந்து விழும். அடிமரத்தை வட்டமாக அறுத்து, நுனிரேகை நம்மைப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும். வெட்டுவாய் நாருக்கு நடுவே புகும், பிடுங்கினால் நார் மறுபடி சேர்ந்துகொள்ளும். மெத்தென்ற மரமாக இருக்க வேண்டும். பின்னால் சுவர் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது. காம்புக்கு அந்த அமெரிக்க மரம், ஹிக்கரிதான் போடுகிறானா?

மாப்பிள்ளை: ஆமாம் மாமா, ஹிக்கரி.

மாமா: நம்மிடம் இழைப்புளி இருக்கிறது. இரண்டு காம்பு உபரியாகச் செய்து வைத்துவிட்டால்... அந்தப் படத்தைக் காட்டுங்கள். முள் வைத்தது வேண்டாம். அந்த மூன்றாவது.

மாப்பிள்ளை: எனக்கு ஹேட்செட் போதும் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

மாமா: உங்களுக்கு அது போதும். இது எனக்கு.

மாப்பிள்ளை: உங்கள் மகள் கேட்டால்?

மாமா: மாப்பிள்ளை ஆசைப்பட்டார், என்னால் மறுக்க முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அழுத்துங்கள், அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.