1200 டிகிரியில் சுட்ட ஸ்டோன்வேர் களிமண் பாத்திரம் ஓவனில் விரிசல் விடாதா?

"ஸ்டோன்வேர் சூளையில் 1200 டிகிரி தாங்கியது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்கலாம்" என்றொரு செய்தி நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

முதல் பாதி சரி. இரண்டாவது தவறு, ஆபத்தும்கூட. சூளையில் வெப்பம் பல மணி நேரம் மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். பாத்திரத்தை உடைப்பது திடீர் மாற்றம். சுட்ட மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ஒரு பகுதி விரிய, மறுபகுதி குளிர்ந்தே இருந்தால் இழுப்பு தாங்காமல் பிளக்கும்.

உறைபனி விழும் மார்கழியில் ஊட்டிச் சமையலறை அலமாரியிலேயே பாத்திரம் சில்லென்று இருக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். கேக் மாவை ஊற்றி, சூடேறாத ஓவனில் வைத்து, பிறகு 180 டிகிரிக்கு ஏற்றுங்கள். வேக 10 நிமிடமாவது கூடுதலாகும், பரவாயில்லை.

எடுத்ததும் கிரானைட் மேடையில் வைப்பதுதான் இன்னும் மோசம். அடிப்பகுதி சட்டென்று சுருங்கி, இழுப்பு முழுவதும் அங்கேயே விழும். மரப்பலகை அல்லது மடித்த உலர்ந்த துணி போதும், ஈரத்துணி கூடாது. கேஸ் தீயில் நேரடியாக வைக்கவே வேண்டாம்.

வாங்கும்போது கவிழ்த்து, மெருகு பூசாத அடிவளையத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உறிஞ்சினால் மண் முழுதாக இறுகவில்லை, வாங்காதீர்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கூர்மூலையைவிட வளைந்த மூலையும் சீரான தடிமனும் நெடுநாள் உழைக்கும்.