கோல்ட் பைத்தான் ரிவால்வரைத் திரும்பக் கொண்டுவந்தது செக் நிறுவனமா?

‘செக் நாட்டு சிஇசட் கம்பெனி கோல்ட் துப்பாக்கி நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் பைத்தான் ரிவால்வர் திரும்பி வந்தது, அதனால்தான் தரம் போச்சு’ என்று துப்பாக்கிப் பிரியர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது. தவறு. 1955இல் அறிமுகமான பைத்தானை அமெரிக்காவின் கோல்ட் மறுபடி வெளியிட்டது 2020 ஜனவரியில். கோல்ட் சிஇசட் கைக்குப் போனதோ 2021 மே மாதம்.

சரி, குறையே இல்லையா? இருந்தது. முதலில் வந்த சில துப்பாக்கிகளில் விசையை இழுத்தும் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழலாமல் நின்றது. பழைய பைத்தானின் அந்த ஆழ்ந்த நீலப் பளபளப்புக்கு ஏங்கியவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு மட்டுமே கிடைத்தது. அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் உள்ளே பாகங்களைக் குறைத்ததும், குறிபார்ப்பதற்கான பின்பக்க அமைப்புக்குக் கீழே எஃகைத் தடிப்பாக்கியதும் சிஇசட் வருவதற்கு முன்பே கோல்ட் செய்த வேலை.