தரையிறங்காமல் மேலே ஏறிய விமானம்

தரையைத் தொடப்போகும் நேரத்தில் ஒரு விமானம் மறுபடி மேலே ஏறினால், அந்த விமானி தன் கடமையைச் செய்திருக்கிறார். விமானத் துறையில் இதை 'கோ அரவுண்ட்' என்கிறார்கள். உலகில் ஏதாவது ஒரு விமான நிலையத்தில் தினமும் நடப்பதுதான். நம் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் சேனல்களிலும் மட்டும் இது ஒவ்வொரு முறையும் 'பயணிகள் நூலிழையில் உயிர் தப்பினர்' என்றே வருகிறது. சிவப்புப் பட்டை, அதிரும் பின்னணி இசை, ஒரே காட்சி திரும்பத் திரும்ப. எனக்கு இது பொறுக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலூரில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், சி.எம்.சி.யில் சிகிச்சை முடிந்து கொல்கத்தாவுக்குத் திரும்புகிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். இப்படி ஒரு செய்தி ஓடிய மறுநாள் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். திருச்சியில் விமானம் வட்டமடித்த செய்தியைப் பார்த்துவிட்டு பேரணாம்பட்டு அம்மா ஒருவர் போன் செய்தார். "தம்பி, சக்கரமே வேலை செய்யவில்லையாமே, என் பிள்ளையை இனிமேல் எப்படி அனுப்புவது?" என்று அழுதார். அவருடைய மகன் அந்த விமானத்தில் இல்லை. அவன் கிளம்புவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று என்னதான் நடந்தது? 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம் போன்றவற்றை இயக்கும் திரவ அழுத்த அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. உள்ளே 141 பேர். போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி கிடையாது. டாங்கி நிறைந்த கனத்தோடு இறங்குவது நல்லதல்ல என்பதால், இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றி எரிபொருளைக் குறைத்தார்கள். பிறகு சக்கரங்கள் வழக்கம்போல இறங்கின, விமானமும் வழக்கம்போல இறங்கியது. அவர்கள் ஏன் சுற்றுகிறார்கள் என்பதை ஒரு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். ஓய்வுபெற்ற விமானி ஒருவரை அழைத்துக் கேட்டிருந்தால் போதும். பல சேனல்களோ விமானம் வயிற்றால் உராய்ந்து இறங்கப் போகிறது என்று நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை தாய்மார்கள் எத்தனை வீடுகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

அடுத்த மாதமே ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் சென்னை ஓடுபாதைக்கு மிக அருகில் வந்து, பக்கவாட்டுக் காற்றில் சாய்ந்து, இறங்காமல் மேலே போனது. அந்த வீடியோ பார்ப்பதற்குப் பயமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அதில் கேட்க வேண்டிய கேள்வியும் இருந்தது. புயல் கரையைக் கடக்கும் நாளில் விமான நிலையத்தை எந்த நேரத்தில் மூட வேண்டும், அதை யார் முடிவு செய்கிறார்கள், காற்றின் வேகம் என்ன எல்லையைத் தாண்டினால் விமானம் வரக்கூடாது? நான் பார்த்த செய்திகளில் இவற்றைக் கேட்டவர் யாரும் இல்லை. சாய்ந்த இறக்கையை மெதுவாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி போன ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டதே, அதுவும் இப்படித்தான். நாடாளுமன்ற உறுப்பினர் கே.சி. வேணுகோபால் அதில் பயணம் செய்தார். ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதாகவும் விமானி சட்டென்று மேலே ஏற்றியதால் பிழைத்ததாகவும் எழுதினார். மேலே ஏறும்படி சொன்னது சென்னை கட்டுப்பாட்டு அறை, ஓடுபாதையில் வேறு விமானம் நின்றது காரணமல்ல என்றது நிறுவனம். இரண்டில் எது உண்மை என்று கட்டுப்பாட்டு அறைப் பதிவுகளை வைத்து அலசிச் சொல்ல வேண்டியது ஊடகத்தின் வேலை. அதற்குள் அரசியல் சண்டை தொடங்கிவிட்டது, செய்தியும் அதன் பின்னால் போய்விட்டது.

மேலே ஏற வேண்டிய நேரத்தில் ஏறாவிட்டால் என்ன ஆகும்? நம் நாட்டு ஓடுபாதைகளில் பெரிய அளவில் உயிர்கள் போன இரண்டு விபத்துகளை எடுத்துக்கொள்வோம்.

2010 மே 22, மங்களூரு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வந்தது. சுமார் 2,450 மீட்டர் நீள ஓடுபாதையில் ஏறக்குறைய 1,600 மீட்டர் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. குன்றை வெட்டிச் சமன்செய்த ஓடுபாதை அது, முடிவில் பள்ளத்தாக்கு. விசாரணை அறிக்கை சொல்வதைக் கேளுங்கள்: மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியிருக்கிறது. தலைமை விமானி இறங்குவதிலேயே குறியாக இருந்தார்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து நம் மக்களை அழைத்து வந்த விமானம், உள்ளே 190 பேர். கொட்டும் மழை. முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலே ஏறினார்கள். அது சரியான முடிவு. இரண்டாவது முறை எதிர்த்திசையிலிருந்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு வந்தார்கள். தலைமை விமானியின் பக்கத்து மழைத்துடைப்பான் சரியாக வேலை செய்யவில்லை. ஓடுபாதையின் பாதி தூரம் கடந்து இறங்கிய விமானம் முடிவில் நிற்காமல் சரிவில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 உயிர்கள். 2021 செப்டம்பரில் வெளியான அறிக்கையிலும் அதே வரிதான்: துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று சொன்ன பிறகும் விமானம் மேலே ஏற்றப்படவில்லை.

பத்து ஆண்டு இடைவெளி, இரண்டு ஊர், ஒரே காரணம். விபத்து நடந்த வாரம் முழுவதும் கோழிக்கோட்டைக் காட்டிய சேனல்களில் எத்தனை அந்த அறிக்கை வந்த நாளில் அரை மணி நேரமாவது ஒதுக்கின? நான் தேடிப் பார்த்தேன், ஓரிரு சிறு செய்திகள்தான் கிடைத்தன.

இறங்குவதற்கு முன் வேகம், உயரம், கோணம் எல்லாம் வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும் என்பது விமானிகளுக்கான விதி. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஆராய்ந்தபோது, அப்படி வரம்பு மீறி வரும் விமானங்களில் நூற்றுக்கு மூன்றுதான் மேலே ஏறுகின்றன, மற்றவை எப்படியாவது இறங்கிவிடுகின்றன என்று தெரிந்தது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விமானிகளும் மனிதர்கள்தானே. மேலே ஏறியவுடன் உள்ளே பயணிகள் அலறுவதும், கீழே இறங்கியதும் செல்போன் வீடியோ பரவுவதும், மறுநாள் செய்தியில் தாங்கள் குற்றவாளி போலக் காட்டப்படுவதும் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் முயன்று இறக்கிவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வராதா? அந்த எண்ணத்துக்கு நம் செய்திகள் ஒரு துளி உரம் போட்டாலும் அது பெரிய பாவம்.

ஊடகங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டே ஆக வேண்டிய நிகழ்வுகள் இருக்கின்றன. 2018 அக்டோபர் 12 அன்று திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஓடுபாதை முடிவில் ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டு, அடிபட்ட வயிற்றோடு மணிக்கணக்கில் பறந்து கடைசியில் மும்பையில் இறங்கியது. 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஒரு விமானம் மேலெழும்போதே பின்னால் இன்னொன்று அதே ஓடுபாதையில் இறங்கியது. இவை உண்மையாகவே அச்சப்பட வேண்டியவை. இவற்றையும் சாதாரண கோ அரவுண்டையும் ஒரே குரலில், ஒரே எழுத்தில் போட்டால் மக்கள் எதற்குப் பயப்படுவது, எதற்கு நிம்மதியாக இருப்பது?

விமான நிறுவனங்களையும் விடமாட்டேன். ஏதாவது நடந்தால் 'பயணிகளின் பாதுகாப்பே எங்கள் முதன்மை நோக்கம்' என்று நான்கு வரி அறிக்கை. ஏன் மேலே ஏறினோம், காற்று எவ்வளவு, அடுத்த முயற்சி எப்படி என்று அன்றே சொன்னால் வதந்திக்கு ஏது இடம்? அவர்கள் மௌனமாக இருக்கும் நேரத்தில்தான் சேனல்கள் கதை கட்டுகின்றன. அகமதாபாத்தில் 2025 ஜூன் 12 அன்று 260 உயிர்கள் போனபோது அதைப் பார்த்தோம். முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் சுவிட்சுகள் நிறுத்த நிலைக்குப் போயின என்றும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னார் என்றும்தான் சொன்னது. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. ஆனாலும் இறந்துபோன மனிதர்கள்மீது தீர்ப்பு எழுத நம் ஆட்கள் தயங்கவில்லை. அந்த விமானிகளுக்கும் வீட்டில் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானில் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலைய ஓடுபாதையில் பயணிகள் விமானமும் கடலோரக் காவல்படை விமானமும் மோதிக்கொண்டன. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணை ஒருவரைக் கைகாட்டி முடிந்துவிடவில்லை. காவல்படை விமானி அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்தது, அந்த விமானம் ஓடுபாதையில் நிற்பதைக் கட்டுப்பாட்டு அறை கவனிக்காதது, இறங்கிய விமானிகளுக்கு அது கண்ணில் படாதது என்று மூன்றையும் இடைக்கால அறிக்கை அடுக்கியது. இப்படி எழுதப்பட்டதைப் படிக்கும்போதுதான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை வருகிறது.

நம் வட ஆற்காட்டுக்கு ஓடுபாதை புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தின் நீண்ட ஓடுபாதையிலிருந்துதான் பயணிகள் விமானங்கள் இயங்கின. வேலூருக்குப் பக்கத்து அப்துல்லாபுரம் விமான நிலையத்தை, சிறு நகரங்களுக்கு விமான சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மேம்படுத்தியிருக்கிறார்கள். சிறிய விமானங்கள் வந்தால் நம் செய்தியாளர்களும் அங்கே போய் நிற்பார்கள். காற்றோ மேகமோ சரியில்லாமல் ஒரு விமானம் இறங்காமல் திரும்பி மேலே போகும் நாள் கண்டிப்பாக வரும். அன்று அவர்கள் காற்றின் வேகத்தையும், எவ்வளவு உயரத்தில் முடிவு எடுக்கப்பட்டது என்பதையும், இரண்டாம் முறை எப்படி இறங்கியது என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.

மங்களூரு, கோழிக்கோடு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் அச்செடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் செய்தியாளர்கள் யார் வந்தாலும் படியெடுத்துக் கொள்ளலாம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் கூடவே உட்கார்ந்து படிக்கவும் நான் தயார்.