தராசும் பிரெஞ்ச் ஆறும்

(கனடா, ஸ்காபுரோவில் ஒரு வீட்டு கராஜ். பிரெஞ்ச் ஆற்றில் வள்ளப் பயணம் போகச் சாமான் கட்டுகிறார்கள். குளியலறைத் தராசை நிலத்தில் வைத்து அதன்மேல் ஒரு முதுகுப்பையை நிறுத்தியிருக்கிறார்கள். தவமும் அவருடைய மச்சினன் குகனும் குனிந்து முள்ளைப் பார்க்கிறார்கள்.)

தவம்: 41.

குகன்: றாத்தலோ அத்தான்?

தவம்: கிலோ. அந்தக் காலத்தில தோல் வியாபாரத்துக்கு இந்த ஆத்தால போன வொயாஜர் எண்ட வள்ளக்காரரின்ர ஒரு மூட்டை சரியா இவ்வளவுதான். 90 றாத்தல்.

குகன்: பாத்தீங்களே! ஒரு அனுபவமும் இல்லாமலே சரியாக் கட்டியிருக்கிறன்.

தவம்: அவங்கள் ஒரே தரத்தில ரெண்டு மூட்டை தூக்கினவங்கள். குடலிறக்கம் அவங்களின்ர தொழில் வருத்தம்.

குகன்: ஏன் தூக்கோணும்? வள்ளத்திலதானே போறம்?

தவம்: வள்ளம் எங்களைக் கொண்டு போகும். இடைக்கிடை நாங்கள் வள்ளத்தைக் கொண்டு போகோணும். தண்ணி பாறையில விழுந்து நுரை தள்ளுற இடத்தில கரைக்கு ஏறி, வள்ளம் தலையில, மூட்டை முதுகில, காட்டுப் பாதையால சுத்திப் போய்க் கீழ இறங்கிறது. போற்றேஜ் எண்டு சொல்லுறது அதைத்தான்.

குகன்: ஒருக்கா நடந்தா முடிஞ்சுதுதானே.

தவம்: முதல் தரம் மூட்டை. வெறுங்கையோட திரும்பி வாறது. பிறகு வள்ளம். 500 மீற்றர் போற்றேஜுக்கு நடை ஒண்டரைக் கிலோமீற்றர். பையைத் திறவும் பாப்பம். ஒரே ஒரு சட்டம்: ரெண்டு வேலை செய்யாத சாமான் இந்தக் கராஜை விட்டு வெளிக்கிடாது.

(குகன் பையைத் திறக்கிறான். முதலில் வெளியே வருவது பிளாஸ்ரிக் சுற்றிய ஒரு கட்டு. அரை லீற்றர்ப் போத்தல்கள் 24.)

தவம்: உதென்ன?

குகன்: தண்ணி.

தவம்: எங்க போறம்?

குகன்: ...ஆத்துக்கு.

தவம்: 12 கிலோ. அங்கால வையும். இப்ப 29.

குகன்: அப்ப ஆத்துத் தண்ணியை அப்பிடியே குடிக்கிறதோ?

தவம்: அப்பிடியே குடிச்சா ஜியார்டியா எண்ட வயித்துக் கிருமி. பீவர் எண்ட மிருகத்தின்ர பேரில பீவர் காய்ச்சல் எண்டு சொல்லுவினம். குடிச்ச அண்டைக்கு ஒண்டும் தெரியாது. ஒரு கிழமையால, நீர் வேலைக்குப் போய் மீற்றிங்கில இருக்கேக்க தெரியும். வடிகட்டி கொண்டு போறம். அது அடைச்சா, நல்லாக் கொதிக்கத் துவங்கினாப் பிறகு ஒரு நிமிசம் விட்டு இறக்கிறது. ராவில குளிருக்கு வடிகட்டியை உம்மட படுக்கைக்குள்ள வையும். உள்ளுக்கு இருக்கிற ஈரம் உறைஞ்சா இழை வெடிச்சிடும், வெளியால பாத்தா ஒண்டும் தெரியாது. அடுத்தது?

குகன்: மீன் ரின். பன்னிரண்டுதான்.

தவம்: ரின்னோட நிறுத்தா ஒண்டு அரைக் கிலோ. ஆறு கிலோ அங்கால. 23. தின்ட பிறகு வெறும் ரின்னையும் வீடுவரை நீர்தான் சுமக்கோணும், காட்டில குப்பை விடேலாது.

குகன்: அப்ப என்னத்தைத் தின்னுறது?

தவம்: ஆளுக்கு நாளொண்டுக்கு முக்கால் கிலோ, எல்லாம் காய்ஞ்ச சாமான். அஞ்சு நாள் பயணம், காத்து மறிச்சா எண்டு ஒரு நாள் கூட. ஆறு நாள், ரெண்டு பேர், 9 கிலோ. ஒரு சாப்பாட்டுக்கு அரிசி ஆளுக்கு 100 கிராம். மைசூர்ப் பருப்பு, ஊறவைக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பால் மா, வறுத்த ரவை, தூள். முதல் ராவுக்கு மட்டும் கொக்கா உறையவைச்ச ஆட்டிறைச்சிக் கறி தருவா. பின்னேரம் கரைக்கு வாற நேரத்துக்கு அது உருகி வந்திடும்.

குகன்: மீன் பிடிச்சுத் தின்னேலாதோ?

தவம்: பிடிக்கலாம். பிக்கரல், பைக், பாஸ் எல்லாம் இருக்கு. அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசென்ஸும் எடும். ஆனா மீனை நம்பி அரிசியைக் குறைக்கிறேல்லை. இனி இதென்ன மணம்?

குகன்: நெத்தலிக் கருவாடு. கால் கிலோ. பாரமே இல்லை.

தவம்: பாரம் இல்லை, மணம் இருக்கு. கருங்கரடிக்கு மூக்குத்தான் கண். அங்கால வையும்.

குகன்: (கருவாட்டை மெதுவாக வைத்தபடி) கரடி உண்மையா இருக்கோ அத்தான்?

தவம்: இருக்கு. சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம் எல்லாம் இந்த 60 லீற்றர் நீலப் பரலுக்குள்ள. இறப்பர் வளையத்தைத் துடைச்சு, இரும்புப் பூட்டை இறுக்கி, கூடாரத்தில இருந்து தள்ளி வைக்கிறது. பையில தூக்கிக் கட்டுறதெண்டா நிலத்தில இருந்து 4 மீற்றர், மரத்தில இருந்து 2 மீற்றர். இது செய்தாக் கரடி உமக்குப் பிரச்சினை இல்லை. உமக்குப் பிரச்சினை காத்து.

குகன்: காத்தோ? நான் கரடிக்கெண்டு ஸ்பிறே வாங்கினனான்.

தவம்: ஸ்பிறேயைக் கொண்டு வாரும், காத்துக்கு எதிரா மட்டும் அடியாதையும். பிரெஞ்ச் ஆறு நிப்பிசிங் ஏரியில துவங்கி ஜோர்ஜியன் விரிகுடாவில விழுகிறது. 110 கிலோமீற்றர், மேற்கு நோக்கி. காத்து வழமையா எங்க இருந்து வரும்? மேற்கில இருந்து. எங்கட முகத்துக்குத்தான். ஒரு மணித்தியாலத்துக்கு 4, 5 கிலோமீற்றர் போற வள்ளம், எதிர்க்காத்து வந்தா நீர் துடுப்புப் போடப் போட அதே மரத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். அதாலதான் விடியப்புறம் வெளிக்கிட்டு, மத்தியானம் காத்து எழும்ப முதல் கரைக்கு ஏறுறது. நிப்பிசிங்கில துவங்காததும் அதுக்குத்தான். சராசரி ஆழம் நாலரை மீற்றர். ஆழமில்லாத தண்ணியில அலை கட்டையா, நெருக்கமா, செங்குத்தா எழும்பும். நாங்கள் கீழ வுல்சிலி பே எண்ட குடாவில வள்ளத்தை இறக்கி, ஹார்ட்லி பே எண்ட குடாவில கரையேறுறம்.

குகன்: யூரியூப்பில பாத்தது மிசினைபி ஆறு. அங்க போவமே?

தவம்: அது ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் ஓடுறது. முடிவில மூசனி எண்ட ஊர். அங்க றோட்டே இல்லை, வள்ளத்தோட ரெயின் ஏறித்தான் கொக்ரேனுக்கு வரோணும். நடுவில தண்டர்ஹவுஸ் அருவி. கரைக்கு ஏறுற இடத்தைக் கவனிக்காமல் விட்டு ஆக்கள் செத்த இடம். முதல்தரம் துடுப்புப் பிடிக்கிற ஆளோட நான் அங்க போகேன். கொக்காவுக்கு ஆர் பதில் சொல்லுறது?

குகன்: சரி, சரி. கோடாலியாவது விடுங்கோ.

தவம்: விறகு வெட்டுறதுக்கு மடக்கு வாள் போதும், 300 கிராம். கோடாலி ரெண்டு கிலோ. பாறையில பட்டு வழுக்கிக் காலில விழும். 1960களில சுழியோடிகள் இந்த ஆத்து அருவிகளுக்குக் கீழ இறங்கிச் செப்புக் கேத்தில், துவக்கு, கோடாலி எல்லாம் அள்ளி வந்தவங்கள். ஏன் தாண்டது தெரியுமோ? போற்றேஜுக்குப் பஞ்சிப்பட்டு வள்ளத்தை அருவியால விட்ட ஆக்களின்ர சாமான். உம்மட கோடாலியும் போய்ச் சேரோணுமோ?

குகன்: நாங்களும் ஒரு அருவியாலயாவது விடுறேல்லையோ? புளூ சூட் எண்டு ஒண்டு இருக்காம், எல்லாரும் விடுவினமாம்.

தவம்: எல்லாரும் இல்லை, தெரிஞ்சவை. கரையால நடந்து பாத்து, சாமானை இறக்கிப்போட்டு, வெறும் வள்ளத்தோட. பிக் பைன், புளூ சூட், பிக் பாரிசியன், எல்லாத்துக்கும் பக்கத்தில பாதை இருக்கு. நாங்கள் பாதையால போவம். ஆனாலும் சின்ன நீரோட்டத்தில வள்ளம் பாறையில குறுக்கால முட்டினா என்ன செய்வீர்?

குகன்: பாறையை விட்டு மற்றப் பக்கம் சாய்வன்.

தவம்: முடிஞ்சுது. மேலாத்துத் தண்ணி அந்த விளிம்பால உள்ளுக்கு வந்து வள்ளத்தைப் பாறையில சுத்திப்போடும். பாறைப் பக்கம் சாயோணும். விருப்பமில்லாட்டியும் கட்டிப்பிடிக்கோணும், கலியாண வீட்டில சொந்தக்காரரைப் பிடிக்கிற மாதிரி. விழுந்திட்டீரெண்டா மல்லாந்து, கால் முன்னுக்கு. எழும்பி நிக்கிறேல்லை, பாதம் பாறை இடுக்கில மாட்டினா ஓட்டம் முகத்தைத் தண்ணிக்குள்ள அமத்தும். வள்ளத்துக்குக் கீழாத்துப் பக்கம் நிக்கவே கூடாது. தண்ணி நிரம்பின வள்ளம் ஒரு கார் மாதிரி, உம்மையும் பாறையையும் சேத்து நெரிக்கும்.

குகன்: குளிர்?

தவம்: ஒண்டு, பத்து, ஒண்டு. குளிர்ந்த தண்ணியில விழுந்தா முதல் ஒரு நிமிசம் மூச்சு இழுத்து இழுத்து வரும், அதை அடக்கிறதுதான் வேலை. அடுத்த பத்து நிமிசம் கை கால் சொன்னபடி கேக்கும். ஒரு மணித்தியாலத்தில நினைவு போகும். லைவ் ஜாக்கெட் போடாட்டி முதல் நிமிசத்தோட கணக்கு முடிஞ்சுது. அதை இருக்கையில விரிச்சு அதில குந்துறேல்லை, விளங்குதோ?

குகன்: ரெண்டு வேலை செய்யிற சாமான் எண்டு நினைச்சன்.

தவம்: உயிர்காக்கிற சாமானுக்குச் சட்டம் வேற. எறிகயிறு, 15 மீற்றர், தண்ணியில மிதக்கிறது: அது ஒரு வேலைதான் செய்யோணும். அதில உடுப்புக் காயப்போட்டீரெண்டா தேவைப்படேக்க உம்மட பெனியன்தான் பறந்து வரும். விசில், தண்ணி அள்ளுற வாளி, இதுகளும் சட்டப்படி இருக்கோணும். விசில் ஜாக்கெட்டில தொங்கோணும், பைக்குள்ள இல்லை.

குகன்: (பையின் அடியிலிருந்து எடுத்து) இது கட்டாயம் பாஸ். சாரம். நாலு வேலை செய்யும். உடுக்கலாம், போர்க்கலாம், துடைக்கலாம், தலைக்குக் கட்டலாம்.

தவம்: பருத்தி. நனைஞ்சா ஒரு வேலைதான், விறைக்கப் பண்ணுறது. அந்த ஜீன்ஸ் ரெண்டும் அப்பிடித்தான். கம்பளி, இல்லாட்டிப் பொலியெஸ்ரர். தண்ணிக்கு ஒரு உடுப்பு, படுக்க ஒரு உடுப்பு. படுக்கிற உடுப்புப் பெரிய குப்பைப் பைக்குள்ள, அது நீர் புகாப் பைக்குள்ள. காலமை ஈர உடுப்பைத் திரும்பப் போடேக்க அழுகை வரும், அதுக்காகக் காய்ஞ்சதைப் போட்டு நனைச்சீரெண்டா அடுத்த ராத்திரி உண்மையா அழவேண்டி வரும்.

குகன்: ஜூனில போனாக் குளிராதே.

தவம்: ஜூனில கறுப்பு ஈ. காதுக்குப் பின்னால தோலைக் கிழிச்சு ரத்தம் குடிக்கும், அது போக நுளம்பு. செப்டெம்பர் துவக்கத்தில லேபர் டே முடிஞ்ச கிழமைதான் திறம். ஈயும் இல்லை, சனமும் இல்லை. பாம்பு மட்டும் இருக்கும்.

குகன்: (நிமிர்ந்து) என்ன?

தவம்: மசசாகா. வாலில கிலுக்கட்டி உள்ள விசப்பாம்பு. ஒன்ராறியோவில விசமுள்ளது அது ஒண்டுதான். பயந்த சாமான், தானா வந்து கொத்தாது. சூடான பாறையில கிடக்கும். விறகு பொறுக்கேக்க பாக்காமல் கை விடாதையும், ராவில கழிப்பறைக்குப் போகேக்க சப்பாத்தும் ரோச் லைற்றும்.

குகன்: கழிப்பறை இருக்கோ!

தவம்: மூடி வைச்ச மரப்பெட்டி. சுவர் இல்லை, கூரை இல்லை.

(சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.)

குகன்: அக்காவுக்கு இதெல்லாம் தெரியுமோ?

தவம்: வரைபடம், ஒவ்வொரு ராவும் தங்கிற இடம், கார் இலக்கம், எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில ஒட்டியிருக்கு. நாங்கள் முடிக்கிறது சனி. அவவுக்குச் சொன்னது ஞாயிறு. திங்கள் காலமை வரை சத்தமில்லையெண்டாப் பொலிசுக்கு அடிக்கச் சொன்னனான்.

குகன்: அவ ஞாயிறு காலமையே அடிப்பா.

தவம்: அதாலதான் சனி எண்டு சொல்லேல்லை. சற்லைற் கருவி ஒண்டும் வாடகைக்கு எடுத்திருக்கு, ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வரி அனுப்பலாம். இனி வள்ளம். கெவ்லார் வள்ளம் 20 கிலோ, தடிச்ச பிளாஸ்ரிக் 30க்கு மேல. நான் பிளாஸ்ரிக் சொல்லியிருக்கிறன்.

குகன்: பாரம் பாரமெண்டு என்ர சாரத்தைப் பறிச்சுப்போட்டு!

தவம்: இந்தப் பாதையில போற்றேஜ் கட்டை, பாறை கூட. நீர் கரைக்கு வாற விதத்துக்குக் கெவ்லார் தாங்காது. காரின்ர கூரையில கட்டேக்க பக்கிளால இழுத்துக் கட்டுற வார் போதும், பல்லுச் சக்கரம் வைச்ச வாரால இறுக்கினா வள்ளம் நெளியும். வாரில ஒரு முறுக்கு விடோணும். இல்லாட்டி 400 நெடுஞ்சாலை முழுக்க நாதஸ்வரம்தான். முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு. கடைசியா, சாமான் ஏத்திற விதம். பாரமானது நடுவில, அடியில. முன்னுக்கு, அணியத்தில, நீர். பின்னுக்கு நான், திசை என்ர பொறுப்பு. பின்பக்கம் ஒரு விரல் தாழ இருக்கோணும். அணியம் தாழ்ந்தா வள்ளம் சொன்ன திசைக்குப் போகாது. அதால பின்னுக்குக் கொஞ்சம் கூடப் பாரம் வேணும். (பையைத் தராசில் வைக்கிறார்.) 16. இதுதான் மூட்டை.

குகன்: இனி உங்கடதை வையுங்கோ.

தவம்: என்ரதை ஏன்? நான் எத்தினை தரம்...

(குகன் வைத்துவிட்டான்.)

குகன்: 22.

தவம்: கூடாரம் என்னட்டைத்தானே.

குகன்: கூடாரம் அந்தா, கதவடியில கிடக்கு. (பைக்குள் கையை விட்டு, மழைப் படங்கில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் தூக்குகிறான். தராசில் வைக்கிறான்.) 3 கிலோ 400. அத்தான், இது இரும்புத் தாச்சி.

தவம்: ஓம்.

குகன்: ரெண்டு வேலை சொல்லுங்கோ.

தவம்: ஒண்டு, மீன் பொரிக்கிறது.

குகன்: மற்றது?

தவம்: பின்னுக்குக் கொஞ்சம் கூடப் பாரம் வேணுமெண்டு இப்பதானே சொன்னனான்.

குகன்: மீனை நம்பேலாதெண்டும் இப்பதான் சொன்னனீங்கள். மீன் பிடிபடாட்டி?

தவம்: (வாசலை ஒருக்காப் பார்த்துவிட்டு) அந்தக் கருவாட்டை எடும். ரெண்டு பையில சுத்தி, பரலுக்குள்ள அடியில வையும்.