சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் சாகுமா?

"சர்க்கரையை நிறுத்துங்கள், கேன்சர் பட்டினி கிடந்து செத்துவிடும்." எங்கள் குடும்ப குரூப்பில் இந்த பார்வர்டு மறுபடியும் வந்திருக்கிறது. போன வருஷம் இதை நம்பித்தான், கீமோவில் இருந்த சித்திக்குச் சோறு, பழம், காபிக்குச் சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினோம். கீமோவும் சேர்ந்துகொள்ள, ஒரே மாதத்தில் அவர் வளையல் முழங்கை வரை ஏறிவிட்டது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அதில் பாதி உண்மை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தாலும் புற்றுநோய்ச் செல் குளுக்கோஸை முழுசாக எரிப்பதில்லை, பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கித் துப்பிவிடுகிறது என்று 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டார். செல்லுக்குள் இருக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் முழுசாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி (செல் செலவழிக்கும் சக்திக் காசு) கிடைக்கும். இந்த வழியில் 2 தான். அதனால் அள்ளி அள்ளி விழுங்குகிறது. சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் கறுப்பாகக் காட்டும் பெட் ஸ்கேன், கட்டியைக் காட்டிக்கொடுப்பதும் இந்தப் பசியை வைத்துத்தான்.

சித்தியின் ஸ்கேன் படத்தில் மூளை முழுக்கக் கறுப்பு. சித்தப்பாவுக்குக் கை நடுங்கியது. "தலைக்கும் போயிடுச்சா டாக்டர்?" டாக்டர் சிரித்தார். "எல்லார் மூளையும் இப்படித்தாங்க இருக்கும். அதுவும் சர்க்கரை தின்னிதான்."

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமக்கும், தான் ஒரு துளி தொடாது. பந்தி பரிமாறுகிறவர் பசியோடு நிற்கிற மாதிரி. இதயத் தசைச் செல்லிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். அதற்குக் கொழுப்புதான் முக்கிய எரிபொருள். நோயோடு சண்டைக்குக் கிளம்பும் வெள்ளையணுக்கூட கேன்சர் செல் மாதிரியே சர்க்கரையை விழுங்கும்.

மைட்டோகாண்ட்ரியா பழுதானதால்தான் கேன்சர் என்று வார்பர்க் கடைசிவரை நம்பினார். அங்கேதான் சறுக்கினார். பெரும்பாலான புற்றுநோய்களில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்குச் சக்தி மட்டும் போதாது. புதுச் செல் கட்டச் சாமான் வேண்டும், அதற்கும் குளுக்கோஸ் தேவை. இருக்கிற மரத்தையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டால் உத்தரத்துக்கு எங்கே போவது? தவிர, குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு என்று வேறு வழியும் பார்த்துக்கொள்ளும்.

நாம் சர்க்கரையை நிறுத்தினாலும் கல்லீரல் சும்மா இருக்காது. தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் விடும். சித்தியின் கையில் கரைந்தது அதுதான்.

உணவு ஆலோசகர் திட்டிய அன்று சாயங்காலம் சித்தி தயிர் சாதமும் ஒரு வாழைப்பழமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இந்த முறை பார்வர்டு அனுப்பியது பெரியப்பா. அவரை இங்கே டேக் செய்திருக்கிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.