ரிவர்ஸ் எடுக்கத் தெரியாவிட்டால் சிலாவோஸ் பக்கம் வராதீர்கள்

27 நிமிஷம். வண்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன், அதனால் ஒரு நிமிஷம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அந்த வெள்ளை நிற வாடகைக் கார்க்காரன் என் மூக்குக்கு நேரே நின்றது 27 நிமிஷம்.

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், சென் லூயியிலிருந்து மலைக்குள் இருக்கிற சிலாவோஸ் ஊருக்கு 37 கிலோமீட்டர், நானூறு வளைவுக்கு மேல். ஏறியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி மட்டுமே நுழையும் சுரங்கப்பாதைகள். ஹார்ன் அடித்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும். பத்து வருஷமாக ஓட்டுகிறேன். பாறை விழுந்தால் காத்திருப்பேன். 1952 மார்ச்சில் ஒரே நாளில் 1,870 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் அது. அங்கே ரோடு இருப்பதே பெரிய விஷயம். மழைக்குக் காத்திருப்பேன், புல்டோசருக்குக் காத்திருப்பேன். ஆனால் பின்னால் கார் எடுக்கத் தெரியாத ஒருத்தனுக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்?

நான் ஏறுகிறேன், அவன் இறங்குகிறான். கொண்டை ஊசி வளைவு, இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை. இந்த மாதிரி இடத்தில் இறங்குகிற வண்டிதான் முதலில் நிற்க வேண்டும். ஒரே ரக வண்டியாக இருந்தால் பின்னால் எடுக்க வேண்டியதும் இறங்குகிறவன்தான், ஏறுகிறவனுக்கு அது தெளிவாகவே சுலபம் என்றாலொழிய. பிரெஞ்சுப் போக்குவரத்துச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எனக்குப் பின்னால் மூன்று கார், அதற்குப் பின்னால் சிலாவோஸ் பஸ். அவனுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. நாற்பது ஐம்பது மீட்டர் மேலே, லாரியே ஒதுங்குகிற அளவுக்கு அகலமான இடம். யாருக்குச் சுலபம், நீங்களே சொல்லுங்கள்.

விளக்கை அடித்துக் காட்டினேன். கையை ஆட்டினான், அதாவது நான் போக வேண்டுமாம். கையால் பின்னால் காட்டினேன். அவனும் எனக்குப் பின்னால் காட்டினான். இறங்கிப் போய், மரியாதையாக, "முசியே, மேலே இடம் இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னேன். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, "இது வாடகைக் கார், கீறல் விழுந்தால் என் டெபாசிட் போய்விடும்" என்றான். எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. உன் டெபாசிட்டுக்காக பின்னால் இருக்கிற இத்தனை வண்டியும் இருட்டுச் சுரங்கத்துக்குள் பின்னாலேயே போக வேண்டுமா? பேசி முடிப்பதற்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செல்போனை எடுத்தான். எங்களைப் படம் பிடித்தான்! மலையைப் பிடித்தான், பள்ளத்தைப் பிடித்தான், வரிசையாக நிற்கிற எங்களையும் பிடித்தான்.

வண்டியில் அம்மா. காரைக்காலிலிருந்து ஒன்றரை மாசத்துக்கு வந்தவர். இரண்டு முழங்காலும் போய்விட்டது, மாடிப்படி ஏறினால் கண்ணில் தண்ணீர் வரும். சிலாவோஸ் வெந்நீர் ஊற்றில் குளிக்க வைக்கத்தான் அவரைக் கூட்டிப் போனேன். பிதோன் தெ நேழ் எரிமலை அணைந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகியும் மலைக்குள் இருக்கிற சூடு இன்னும் அந்த ஊற்றுத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டிருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போகிற இடம். 1932-ல் இந்த ரோடு வருவதற்கு முன்னால் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து ஆட்கள் தோளில் சுமந்து மலையேறியிருக்கிறார்கள். பத்தரை மணிக்குக் குளிக்க முறை வாங்கி வைத்திருந்தேன். பத்து மணிக்கு அம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் இறங்கி நடந்துடட்டுமாப்பா?" அந்த முழங்காலோடு. அந்த ஏற்றத்தில். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவனை மன்னிக்க மாட்டேன்.

கடைசியில் பஸ் டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும், நம் மலபார் ஆள் (தமிழ் வம்சாவளிக்காரர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), நெற்றியில் காலையில் வைத்த விபூதி பாதி அழிந்திருந்தது. கத்தவில்லை. கார்க் கதவைத் திறந்து, உள்ளங்கையை நீட்டினார். சாவியைக் கேட்டார், அவ்வளவுதான். அவன் இறங்கினான். இவர் உட்கார்ந்து, சீட்டைக்கூடத் தள்ளாமல், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, தலையைத் திருப்பி ஒரே மூச்சில் வளைவோடு வளைவாகப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது! ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு நிமிஷ வேலைக்கு 27 நிமிஷம். அம்மா கண்ணாடியை இறக்கி, "நல்லா இருப்பா, உன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்" என்றார். அவருக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்தத் தீவில் இன்னும் குமுறுகிற இன்னொரு எரிமலையோடே குடியிருக்கிறோம். 1977-ல் பிதோன் சென்ட் ரோஸில் குழம்பு ஊருக்குள் வந்து தேவாலயத்தைச் சுற்றி வளைத்தது. 2007-ல் கிராண்ட் ப்ரூலேயில் நெடுஞ்சாலையையே மூடிக் கடலில் போய் விழுந்தது. ஆறக் காத்திருந்து அதன் மேலேயே ரோடு போட்டோம். யாருக்கும் பொறுமையைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க யோக்கியதை இல்லை. ஆனால் வண்டி வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. கிரெடிட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்களே, மலையில் பின்னால் எடுக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

பத்தரை மணி முறை போய்விட்டது. குளியல் இடத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுத்தவர் தொட்டியில் இறங்கிவிட்டார், அவரை எழுப்ப முடியுமா? அடுத்த இடம் மூன்று வாரம் கழித்துத்தான் இருக்கிறதாம். அம்மாவுக்கு விமானம் வருகிற செவ்வாய். ஊற்றுத் தண்ணீரைப் பார்க்காமலே திரும்பினோம். கடைத்தெருவில் அந்த ஊர்ப் பருப்பு மட்டும் நான்கு கிலோ வாங்கினார், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்க.

அதிலும் வந்து சேர்ந்தது வினை. பெட்டிக்கு 23 கிலோதானாம்! வரும்போது எங்களுக்காக வடகமும் மிளகாய்த்தூளும் ஊறுகாயும் சுமந்து வந்தவர், போகும்போது நான்கு கிலோ பருப்பு கொண்டுபோகக் கூடாதா? நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, வலிக்கிற காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் தராசில் வைப்பதும் இறக்குவதும், ஒவ்வொரு கைப்பிடியாகப் பருப்பை அள்ளி வெளியே எடுப்பதுமாக இருந்தார். 23.4. இன்னும் ஒரு கைப்பிடி. 23.2. இன்னும் ஒரு கைப்பிடி.