ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவோட பி.டி.க்கு

போன செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுட்டு அப்பாவ கூட்டிக்கிட்டு போர்ட்டிக்சன் கடற்கரைக்கு, அதான் நம்ம பி.டி.க்கு, போயிட்டு வந்தேன். ரூம் எடுக்கல, பிளான் ஒண்ணும் போடல, காலையில பசியாறிட்டு கெளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு வந்து சேந்துட்டோம். இத ஏன் இவ்ளோ நீளமா எழுதறேன்னா, கேஎல்-ல (கோலாலம்பூர்ல) நம்ம ஆளுங்க நெறைய பேரு பி.டி.ன்னாலே மூஞ்ச சுளிக்கிறாங்க. கூட்டம், ஜேம், தண்ணி கலங்கல். அவங்க போனதெல்லாம் ஸ்கூல் லீவுலயும் தீபாவளிக்கு மறுநாளும், அன்னைக்குப் போனா எந்தக் கடல்தான் நல்லா இருக்கும் சொல்லுங்க.

ஹைவேயிலயே போனா ஒன்றரை மணி நேரந்தான். ஆனா அப்பா கேட்டாருன்னு செரம்பான்ல இருந்து பழைய ரோட்ட புடிச்சி மம்பாவ், லுக்குட் வழியா காடிய மெதுவா ஓட்டுனேன். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒண்ணுலதான் அவரு ரப்பர் மரத்துல பால் வெட்டுனது. இப்ப அங்க செம்பனையும் (எண்ணெய்ப்பனை) தாமான் (குடியிருப்பு) வீடுங்களும். ஒரு எடத்துல கண்ணாடிய எறக்கச் சொல்லி, "இங்கதான்பா பிரட்டுக்களம்"னாரு, விடியக்காலையில தோட்டத்து ஆளுங்கள நிக்க வெச்சி பேர் கூப்புடற எடம், நான் பாத்தா வெறும் பஸ் ஸ்டாப்பு.

அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒரு தடவ தோட்டத்து லோரியில பி.டி. கூட்டிட்டுப் போவாங்களாம். வாழ எலையில புளிச்சோறு கட்டிக்கிட்டு போயி, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும், மறுநாள் விடியக்காலையில பிரட்டு இருக்கே. கடலோரத்துல ஒரு ராத்திரி கூட தங்குனது இல்லயாம், எழுபத்தாறு வயசுல சாதாரணமா சொல்றாரு, எனக்குத்தான் தொண்ட அடச்சிக்கிச்சி.

பி.டி.யில தெலுக் கெமாங் கடற்கரையில மொத்தமா ஒரு பத்து பேரு இருந்திருப்பாங்க. கடல் பக்கத்துலயே மரத்தடியில காடிய போட்டோம். அப்பா சிலுவார மொழங்காலு வரைக்கும் மடிச்சி விட்டுக்கிட்டு தண்ணியில எறங்கி நின்னாரு. மலாக்கா நீரிணைக்கு அந்தாண்ட கிட்டத்துலயே சுமத்ரா இருக்கறதால இங்க பெரிய அலை வராது. அதுவே வருஷக் கடைசியில குவாந்தான், திரங்கானு பக்கம் போனீங்கன்னா மழையும் அலையும் கால வைக்க விடாது. தண்ணி கலங்கலா இருக்குன்னு கொற சொல்றவங்களுக்கு நான் சொல்றது இதான், மூட்டு வலி உள்ள மனுஷன் யார் கையையும் புடிக்காம நிக்க முடியுற கடல் இது. தூரத்துல போற கப்பல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருந்தாரு, பதினாலு வரைக்கும் வந்துச்சி. வீட்டுல ஒரு எடத்துல அஞ்சி நிமிஷம் ஒக்கார மாட்டாரு.

தஞ்சோங் துவான் முனையில இருக்கற கலங்கரை விளக்கத்துக்கு ஏறல, ஏத்தம் அவரு காலுக்கு ஆவாது. 1863-ல கட்டுனது, அதுக்கு முன்ன போர்த்துகீசியர் காலத்துலயே அங்க ஒண்ணு இருந்துச்சி. சுத்தி நெகிரி செம்பிலான் மாநிலம், அந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். மார்ச் மாசத்துல சுமத்ராவுல இருந்து பருந்துங்க கூட்டங்கூட்டமா கடல் தாண்டி அங்கதான் வந்து சேரும், கால் நல்லா இருக்கறவங்க கண்டிப்பா போயி பாருங்க.

எங்கம்மா கட்டிக் குடுத்த புளிச்சோற மரத்தடியில பாய் போட்டு சாப்ட்டோம், தொட்டுக்க கருவாடு. அப்பறம் அப்பா அப்படியே சாஞ்சி தூங்கிட்டாரு, நானும் போன எடுக்கல.

ஒரே ஒரு விஷயம் மனசுக்கு கஷ்டமா இருந்துச்சி. நாங்க எறங்குன எடத்துல மணலுக்கு நாலு படி, புடிச்சிக்க கம்பி கெடயாது. ஏறும்போது அப்பா என் தோளப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வெச்சி வெச்சி ஏறுனாரு. நாலு படிக்கு ஒரு இரும்புக் கம்பி, என்னா பெரிய செலவு ஆவப்போவுது? பி.டி.ய அழகு பண்றோம்னு ஊர்பேர பெரிய எழுத்தா நட்டு வெக்கிற காசுல மொதல்ல இத செய்யணும், பொறுப்புல இருக்கறவங்க யாராச்சும் படிச்சா தயவுசெஞ்சி கவனிங்க.

வர்ற வழியில செரம்பான்கிட்ட நல்ல மழ. வீட்டுக்கு வந்ததும் அப்பா மொத வேலையா அத்தைக்குப் போன் போட்டாரு. அடுத்த மாசமும் போறோம், செவ்வாய்க்கிழமதான், அத்தையும் வர்றாங்க.